வண்டி ஓடும்போது வாசிக்கப்பட்டவை

என் கணவரைக் கொன்ற மோட்டார் சைக்கிளில் இருபத்திரண்டு குறைகள் இருந்தன. அத்தனையும் வாங்கும்போதே எங்களுக்குச் சொல்லப்பட்டன. இதை நான் மறுக்க முடியாது. 'கேட்டேன்' என்ற கட்டத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

எங்கள் ஊரில் பழைய வண்டி விற்பவர்களுக்கு ஒரு காலத்தில் கெட்ட பெயர் இருந்தது. தேய்ந்த சங்கிலியில் எண்ணெய் பூசிப் புதிது என்பார்கள். நாலு கை மாறிய வண்டியை ஒரு டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓட்டியது என்பார்கள். அந்தப் பெயரைத் துடைக்க அவர்கள் கூடி ஒரு நேர்மைச் சங்கம் அமைத்தார்கள். சங்கம் பொய்யை ஒழித்தது. கேலிக்குச் சொல்லவில்லை. அந்தக் கடைகளில் இன்றுவரை ஒரு பொய்கூடச் சொல்லப்படுவதில்லை.

விதிகள் ஒவ்வொரு கடையிலும் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கும். விற்பதற்கு முன் வண்டியின் எல்லாக் குறைகளையும் வாங்குபவர் முன்னிலையில் உரக்க வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் உயிரில்லாத வண்டியைப் பற்றிப் பேசுவது ஏமாற்று. எஞ்சினின் முழு வலிமையும் தெரியும்படி ஆக்சிலேட்டரைக் கடைசிவரை திருகியிருக்க வேண்டும். சைலன்சரைக் கழற்றிவிட வேண்டும்; அது எஞ்சினின் உண்மையான சத்தத்தை மறைக்கிறது, மறைப்பது சங்கத்துக்கு ஆகாது.

நாங்கள் போன அன்று என் கணவர் வண்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து பிரேக்கைத் தொடப் போனார். லிஃப்ட் மெக்கானிக் அவர். பதினெட்டு வருடம் பிறருடைய பிரேக்குகளைத் தொட்டுப் பார்த்துச் சம்பாதித்தவர். சட்டைப் பையில் எப்போதும் வாஷர்கள் கிடக்கும். துவைக்கும்போது வாளிக்குள் கலகலவென்று விழும், நான் திட்டுவேன்.

"சார், சார், கையை எடுங்க," என்றார் கடைக்காரர். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "நாங்க வாசிக்கிறதுக்கு முன்னாடி நீங்க தொட்டுப் பாத்தா, எங்களை நம்பலன்னு அர்த்தம் ஆயிடும்."

"சும்மா பாக்கறேங்க."

"பாத்துக் கண்டுபிடிக்கிறது பழைய காலம் சார். இப்ப நாங்களே சொல்லிடறோம்ல?"

என் கணவர் கையை எடுத்துக்கொண்டார். மரியாதை தெரிந்தவர். மரியாதை தெரியாதவராக இருந்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்.

பிறகு வாசிப்பாளர் வந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் துண்டு, வாயில் ஏதோ மிட்டாய். கடைப் பையன்கள் அவரை 'தொண்டை' என்று கூப்பிட்டார்கள். சைலன்சரைக் கழற்றினார்கள். எஞ்சினை உதைத்தார்கள். கூரைத் தகடு அதிர்ந்தது. கண்ணாடி மேசைமேலிருந்த பேனா தானாக நகர்ந்து கீழே விழுந்தது. தொண்டை பட்டியலை முகத்துக்கு நேரே பிடித்து வாயைத் திறந்தார்.

அவர் கழுத்து நரம்புகள் புடைத்தது தெரிந்தது. நேர்மையாக உழைத்தார் என்றே சொல்வேன்.

என் கணவர் என் காதில் வாயை வைத்துக் கத்தினார்: "என்ன சொல்றாரு?"

"டயர்னு ஏதோ!"

"டயர் புதுசுதான்!"

நான் சிரித்தேன். யாரோ பேசுவது காதில் விழாதபோது, விழுந்ததுபோல் காட்டிக்கொள்ள மனிதர்கள் ஒரு சிரிப்புச் சிரிப்பார்களே, அது. தொண்டை பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் நான் தலையை வேறு ஆட்டினேன்.

முடிந்ததும் பட்டியலின் கடைசித் தாளை, எங்கள் பெயரும் முகவரியும் எழுதிய தாளை, மேசையில் வைத்தார்கள். வாங்கியவர் கையெழுத்து. சாட்சி கையெழுத்து. "வீட்டுக்காரம்மாவே போடலாம்," என்றார் கடைக்காரர். "குடும்பத்துல ரெண்டு பேர் கேட்டா நல்லதுதானே."

வீட்டுக்கு வந்து அவர் பெட்ரோல் டாங்கின் ஓரத்தில் ஒரு சிறிய ஒட்டுத்தாளை ஒட்டினார். ஏதோ லிஃப்டிலிருந்து எடுத்தது. 'அதிகபட்சம் 6 நபர்கள்.' "ரெண்டு பேருக்கு மேல ஏத்தாதேன்னு யாரும் சொல்ல முடியாது பாரு," என்றார். அதற்கு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

பதினோரு நாள் ஓட்டினார். காய்ந்த சாலை, பட்டப்பகல். சரிவின் அடியில் லாரி ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. அவருக்கு முன்னும் பின்னும் போனவர்கள் எல்லோரும் நின்றார்கள்.

எல்லாம் முடிந்தபிறகு நொறுங்கிய வண்டியை என் கொழுந்தன் அதே கடைக்கே கொடுத்துவிட்டான். "இது கண்ணுல படவே வேணாம் அண்ணி," என்றான். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். இரண்டு மாதம் கழித்து நான் போன பஸ் அந்தக் கடைக்கு எதிரே நின்றபோது அது கண்ணில் பட்டது. கடை வாசலில், முதல் வரிசையில், புதுச் சிவப்பு வண்ணத்தில். டாங்கின் ஓரத்தில் ஒட்டுத்தாள் அப்படியே இருந்தது, அதைச் சுற்றி வண்ணம் பூசியிருந்தார்கள். மேலே ஒரு அட்டை: 'குறைந்த ஓட்டம். கடைசி உரிமையாளர் பதினோரு நாள் மட்டுமே ஓட்டியது.'

அதிலும் பொய் இல்லை.

சங்கத்துக்கு மனு எழுதினேன். என்னைக் குழுவின் முன் வரச் சொன்னார்கள். மாடி அறையில் நீள மேசை, பதினைந்து கடைக்காரர்கள். ஒவ்வொருவர் சட்டையிலும் நேர்மைக்கான பித்தளை நட்சத்திரம், சிலருக்கு இரண்டு. எங்களுக்கு விற்றவருக்கும் இரண்டு. மூலையில் ஒரு மர மேடைமேல், சக்கரமோ இருக்கையோ இல்லாமல், வெறும் எஞ்சின் ஒன்று திருகி வைக்கப்பட்டிருந்தது. ஏதோ நினைவுச் சின்னம் என்று நினைத்தேன்.

"அம்மா, உங்க துக்கத்துல சங்கம் பங்கெடுத்துக்குது," என்றார் தலைவர். வெள்ளைச் சட்டை, நல்ல கனிவான முகம். "நாங்க என்ன செய்யணும்?"

"அந்த வண்டியை மறுபடியும் யாருக்கும் விக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"எதனாலம்மா?"

"பிரேக் பிடிக்கல. அதுல போனவர் செத்துட்டார்."

தலைவர் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "பிரேக் பட்டியல்ல இருந்துதா?"

கடைக்காரர் எழுந்தார். "முன் பிரேக் பதினாலு, பின் பிரேக் பதினஞ்சு, தலைவரே."

"வாசிச்சீங்களா?"

"வாசிச்சோம்."

"வாசிச்ச மாதிரியே பிடிக்கலையா?"

"அப்படியே பிடிக்கல, தலைவரே."

மேசையைச் சுற்றி ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஒருவர் கைதட்டினார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தலைவர் கையுயர்த்தி அடக்கினார், ஆனால் அவர் கண்களும் கலங்கியிருந்தன.

"பாத்தீங்களாம்மா? சொன்னது சொன்னபடி நடந்திருக்கு. எத்தனை தொழில்ல இப்படி நடக்கும்? டாக்டர் சொன்னா நடக்குதா? வானிலை அறிக்கையில சொன்னா நடக்குதா? ஒரு சாதாரண வண்டிக் கடைக்காரர், ஒரு பிரேக்கைப் பத்தி ஒரு வார்த்தை சொல்றார். அந்த வார்த்தையை அந்த பிரேக் காப்பாத்தியிருக்கு." அவர் செயலாளரைப் பார்த்தார். "இவருக்கு மூணாவது நட்சத்திரம். எழுதிக்குங்க."

"எங்க காதுல எதுவும் விழலைங்க," என்றேன்.

"சொல்றது எங்க கடமை. அதுல குறை வெச்சோமா? காது உங்களது. அதுல நாங்க தலையிட முடியுமா? நாளைக்கு நீங்களே கேப்பீங்க, எங்க காதுல கை வைக்க இவங்க யாருன்னு."

"அந்தப் பட்டியலை ஒரு தடவை நான் பாக்கலாமா?"

தலைவர் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "எழுத்துல காட்டற வழக்கம் இல்லம்மா. எழுத்துல காட்டினா யார் வேணும்னாலும் படிச்சிருவாங்க. அப்புறம் வாசிப்புக்கு என்ன மரியாதை? ஆனா உங்களுக்காக ஒண்ணு செய்யலாம். மறுவாசிப்பு."

அப்போதுதான் அந்த மேடை எதற்கு என்று புரிந்தது. எஞ்சின் ஓடாமல் வாசிப்பது செல்லாது. வண்டியை மாடிக்கு ஏற்ற முடியாது. அதனால் குழு அறைக்கென்றே ஒரு எஞ்சின். உறுப்பினர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் உதைத்தார். அறை புகையால் நிரம்பியது. தலைவர் இருமினார், ஆனால் உட்காரவில்லை. அங்கேயும் வாசிப்பாளர் தொண்டைதான். என் எதிரே மேசையில் பட்டியலைப் பரப்பி, இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்து வாசித்தார்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். இருபது வருடமாக மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் தாளை இந்தப் பக்கத்திலிருந்தே படித்துப் பழக்கம். எழுத்து தலைகீழாக இருப்பது எனக்கு ஒரு பொருட்டில்லை.

'14. முன் பிரேக்: சில நேரம் பிடிக்கும்.

15. பின் பிரேக்: பெயரளவில்.'

அழகான கையெழுத்து. ஒரு பிழையில்லை. கீழே, வேறு மையில், புதிதாக இரண்டு வரி சேர்த்திருந்தார்கள்.

'23. டாங்கில் தேவையற்ற ஒட்டுத்தாள்.

24. முந்தைய ஓட்டுநர் இல்லை.'

எஞ்சின் நின்றது. எல்லோரும் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

"பிரேக்கையாவது சரிபண்ணிட்டு வில்லுங்க," என்றேன்.

கடைக்காரருக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "என்னம்மா பேசறீங்க? பிரேக்கை சரிபண்ணிட்டா பதினாலும் பதினஞ்சும் பொய்யாயிடுமே! பொய்ப் பட்டியலை வாசிச்சு வண்டி விக்கச் சொல்றீங்களா என்னை? மூணு நட்சத்திரம் வாங்கின ஆளு நான்!"

தலைவர் அவரைச் சமாதானப்படுத்தி உட்காரவைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, கனிவு குறையாமல் கேட்டார்: "ஒரு விஷயம் மட்டும் சங்கத்துக்குப் புரியலம்மா. நீங்க சாட்சி. கேட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கேட்ட நீங்க, பிரேக் விஷயத்தை அவர்கிட்ட ஏன் சொல்லல?"

பதினைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் என்மேல் பகையில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்கள்.

பதினைந்து நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தரும்படி சொன்னார்கள். வாசலில் ஒரு பையன் எனக்குத் தண்ணீர் கொடுத்தான்.

அன்றுமுதல் மதிய இடைவேளைகளில் அந்தக் கடைக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். ஐந்தாம் நாள் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அவன் குழாய் வேலை செய்கிறவன். தோளில் தொங்கிய பையிலிருந்து ஸ்பேனர் எட்டிப் பார்த்தது. அவள் நேராகச் சிவப்பு வண்டியிடம் போய் இருக்கையைத் தடவினாள். பின்னாலேயே நானும் உள்ளே போனேன். கடைக்காரருக்கு என்னைப் பார்த்ததில் சங்கடம் எதுவும் இல்லை. "வாங்கம்மா, வாங்க. நீங்களும் கேளுங்க," என்றார்.

சைலன்சரைக் கழற்றினார்கள். எஞ்சினை உதைத்தார்கள். தொண்டை வாயைத் திறந்தார். அவன் அவள் காதில் எதையோ கத்தினான். அவள் சிரித்தாள், தலையை ஆட்டினாள். அந்தச் சிரிப்பை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன்.

தொண்டை முதல் பக்கத்தைத் திருப்பும்வரை காத்திருந்தேன். பிறகு கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன்.

"...னாலு, முன் பிரேக் சில நேரம் பிடிக்கும்! பதினஞ்சு, பின் பிரேக் பெயரளவில்! பதினாறு..." என்று அலறிக்கொண்டிருந்தார் தொண்டை. பிறகு நிறுத்தினார். திரும்பித் திரும்பிப் பார்த்தார், யார் கத்தியது என்று தேடுகிறவர்போல. மிட்டாயை விழுங்கிவிட்டார்.

"சார்," என்றார் கடைக்காரரைப் பார்த்து, மிகத் தாழ்ந்த குரலில். "தொடர்ந்து வாசிக்கணுமா?"

"வாசிப்பு செல்லாது!" என்றார் கடைக்காரர். "எஞ்சின் ஓடல. தம்பி, இப்ப உங்க காதுல விழுந்தது எதுவும் கணக்குல வராது. கேக்காத மாதிரி வெச்சுக்குங்க. முதல்லேர்ந்து வாசிப்போம்."

"என்னண்ணா சொன்னாரு அவரு?" என்றான் அந்தப் பையன். "பிரேக்கா?"

"இந்த வண்டியிலதான் என் வீட்டுக்காரர் செத்தார் தம்பி," என்றேன்.

அந்தப் பெண் இருக்கையிலிருந்து கையை எடுத்தாள். அவன் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, மிகவும் பணிவாக, கேட்டான்:

"அவருக்கு நல்லா ஓட்டத் தெரியுமாக்கா?"

நான் சாவியைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். திருட்டுதான். சாவி இல்லாமல் விற்க முடியாது என்று நினைத்தேன். சங்கத்தின் நேர்மையை அப்போதும் நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துத் தொண்டை என் வீட்டுக்கு வந்தார். சங்கத்தின் கடிதங்களை நேரில் வாசித்துக் காட்டுவதும் அவர் வேலையாம். நாற்காலியில் உட்காரவில்லை. கூடத்தில் நின்று, பழக்கத்தில் மூச்சை இழுத்து வாயைப் பெரிதாகத் திறந்தார். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மூச்சை விட்டுவிட்டு, சாதாரணமாகப் படித்தார்.

நான் விளக்கம் அனுப்பாததால், 'சாட்சி கேட்டும் சொல்லவில்லை' என்று கோப்பு முடிக்கப்பட்டது. நான் சாவியை எடுத்துச் சென்றதால், 'இருபத்தைந்து: சாவி இல்லை' என்ற குறை பட்டியலில் சேர்க்கப்பட்டு, ஒயரை நேராக இணைத்து முறைப்படி எஞ்சின் ஓடும்போது வாசிக்கப்பட்டு, வண்டி விற்கப்பட்டது.

"யாருக்கு?"

"அதே பிள்ளைங்களுக்குத்தான்."

"அவங்க காதுல விழுந்துதே!"

"விழுந்துதும்மா. அதனாலதான் வாங்கினாங்களாம். மத்த கடையில யாரும் எதுவும் சொல்லலையாம்." துண்டால் வாயைத் துடைத்தார். "இன்னியோட ஒன்பது நாள் ஆச்சு."

நான் எழுந்துவிட்டேன். "அவங்க வீடு எங்க இருக்கு?"

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லம்மா. மனு குடுத்தா அடுத்த மாசக் கூட்டத்துல..." அவர் பேசிக்கொண்டே கடிதத்தோடு இணைத்திருந்த வண்டியின் பட்டியலை என் மேசைமேல் விரித்து, கீழே ஒரு கட்டத்தைக் காட்டினார். "கடிதத்தைக் கேட்டதுக்கு ஒரு கையெழுத்து." பட்டியல் அவர் பக்கம் பார்த்திருந்தது. வாங்கியவர் முகவரி: தண்ணீர்த் தொட்டிக்குப் பின் தெரு, ஏழாம் எண், மாடி.

செருப்பை மாட்டினேன்.

"அம்மா, கையெழுத்து?"

"நீங்களே போட்டுக்குங்க," என்றேன். "இன்னைக்கு நீங்களும்தானே கேட்டீங்க."

பேனாவைப் பிடித்தபடி அவர் கூடத்திலேயே நின்றார். நான் கதவைக்கூடச் சாத்தவில்லை.

ஏழாம் எண்ணுக்கு வெளியே, படிக்கட்டின் அடியில், சிவப்பு வண்டி நின்றது. முழுதாக நின்றது. அதைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, அந்த சாவி அக்கா வந்திருக்காங்க!" என்று உள்ளே குரல் கொடுத்தாள். அவன் பனியனோடு இறங்கி வந்தான்.

"தம்பி, இதை ஓட்டாதே. கையெடுத்துக் கும்பிடறேன். பிரேக்..."

"அதுவாக்கா? அன்னிக்கே பண்ணிட்டேனே." அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து காட்டினான். என் கணவர் அன்று உட்கார்ந்த அதே மாதிரி. "லிவர்ல இந்தக் கேபிள் நுனி உக்கார்ற குழி தேஞ்சு போயிருந்துதுக்கா. சில நேரம் நழுவிடும். உள்ள ஒரு வாஷர் போட்டேன். பத்து நிமிஷ வேலை. பின்னாடிக்கு லைனிங் மாத்தினேன், அவ்வளவுதான். இப்ப பாருங்க." லிவரைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தோளால் தள்ளினான். அசையவில்லை. "என்ன குறைன்னு தெரிஞ்சா போதும்ல? நல்ல சங்கம்க்கா. உள்ளதைச் சொல்லிடறாங்க."

"ஆமாம்," என்றேன்.

"டீ சாப்பிட்டுட்டுப் போங்கக்கா," என்று மேலேயிருந்து சொன்னாள் அவள்.

வேண்டாம் என்றேன். சாவியை எடுத்து அவனிடம் கொடுத்தேன். டாங்கின் ஓரத்தில் ஒட்டுத்தாளை அவர்கள் கிழிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது தொண்டை போயிருந்தார். கட்டம் காலியாகவே இருக்க, பட்டியலை மேசைமேல் விட்டுப் போயிருந்தார். அலமாரியில் என் கணவரின் சட்டைகளைப் பார்த்தேன். வண்டி வாங்கிய அன்று அவர் போட்டிருந்த சட்டையை நான் இன்னும் துவைக்கவில்லை. பையில் கைவிட்டேன். மூன்று வாஷர்கள் இருந்தன.